மூவர் சொனாட்டாவுக்கு நான்கு பேர்

மூவர் சொனாட்டா என்று பெயர்தான் இருக்கிறதே தவிர, அதை வாசிக்க நான்கு பேர் வேண்டும். இதைச் சொன்னால், கணக்கு டீச்சருக்கே கணக்குத் தெரியவில்லையே என்று சிரிக்கிறார்கள். முந்நூறு வருஷத்துக்கு முன்னால் ஐரோப்பாவில் அப்படிப் பெயர் வைத்துவிட்டார்கள், அதற்கு நான் என்ன செய்ய முடியும்? தாளில் இருப்பது மூன்று வரி. மேலே இரண்டு வயலினுக்கு இரண்டு வரி, கீழே அடித்தளமாக ஒரு வரி. அந்தக் கீழ்வரியை, தரையில் ஊன்றி வாசிக்கிற பெரிய வயலினான செல்லோ வாசிக்கும். அதையே கீபோர்டும் இடது கையால் வாசிக்கும். ஆக மூன்று வரி, நான்கு ஆள். அந்த நான்காவது ஆள் நான்.

என் வலது கைக்குத் தாளில் எதுவும் எழுதியிருக்காது. கீழ்வரிச் சுரங்களுக்கு அடியில் ஆறு, ஏழு, நான்கு மூன்று என்று சின்னச் சின்ன எண்கள் மட்டும் இருக்கும். எந்தச் சுரங்களைச் சேர்த்து அழுத்த வேண்டும் என்று அந்த எண்ணைப் பார்த்து நானே அந்த நொடியில் முடிவு செய்து, வயலின்களுக்கும் செல்லோவுக்கும் நடுவில் இருக்கிற காலி இடத்தை நிரப்ப வேண்டும். கல்யாணத்தில் பந்தல் போடுகிறவர் வேலை மாதிரி. பந்தல் இல்லாவிட்டால் எல்லாரும் வெயிலில் நிற்பார்கள். இருந்தாலோ, ஒருவரும் அண்ணாந்து பார்க்க மாட்டார்கள். நான் நன்றாக வாசித்தால் நான் இருப்பதே தெரியாது. எனக்கு அது பழக்கமான வேலைதான்.

பெண்கள் பள்ளி ஒன்றில் முப்பது வருஷத்துக்கு மேல் கணக்கு நடத்தினேன். சாந்தோம் பக்கத்தில் எங்கள் பங்குக் கோயிலில் ஞாயிறு பூசைக்கு ஆர்கன் வாசித்தேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்பவர்களுக்கு ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு காரணம் சொல்வேன், எல்லாமே ஓரளவு உண்மை. பள்ளியில் ஓய்வு கொடுத்த அதே வருஷம், கோயிலில் இளைஞர் பாடற்குழு கித்தாரும் டிரம்ஸும் கொண்டுவந்து இறக்கியது. பங்குத்தந்தை என்னைக் கூப்பிட்டு, இனிமேல் நீங்கள் நிம்மதியாகப் பூசை பார்க்கலாம் என்றார். அன்றிலிருந்து ஒரு பூசையையும் நான் நிம்மதியாகப் பார்த்ததில்லை.

மந்தைவெளியில் என் ஃபிளாட்டில் ஒரு கீபோர்டு இருக்கிறது. இந்த இசைக்கு உரிய வாத்தியம் ஹார்ப்சிகார்ட். பார்க்கப் பியானோ மாதிரி இருக்கும், ஆனால் உள்ளே கம்பியைத் தட்டாமல் சுண்டும். எவ்வளவு ஓங்கி அடித்தாலும் அதே சத்தம், எவ்வளவு மெல்லத் தொட்டாலும் அதே சத்தம். கோபத்தைக் காட்டவே முடியாத வாத்தியம். நம் கடற்காற்றில் அதற்கு ஒரு நாள்கூடச் சுருதி நிற்காது. அதனால் கீபோர்டில் ஒரு பொத்தானை அழுத்தி அந்தச் சத்தத்தை வரவழைத்துக்கொள்கிறேன். ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை.

மற்ற மூவரில் இரண்டு பேர் கணவன் மனைவி. மயிலாப்பூரில் குளத்துக்கு மேற்கே இருந்தார்கள். நான் அவரை சார் என்றும் அவர் மனைவியை மாமி என்றும் கூப்பிடுவேன். மாமி பாட்டுக் கச்சேரிகளுக்குப் பக்கவாத்தியமாக வயலின் வாசிப்பவர். சார் அரசாங்கக் கணக்குத் தணிக்கை அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சின்ன வயதில் தி. நகரில் ஒரு பள்ளியில் மேற்கத்திய வயலின் கற்றுக்கொண்டிருக்கிறார். கல்யாணமான புதிதில் மனைவியிடம் கர்நாடக சங்கீதமும் கற்றுப் பார்த்திருக்கிறார். கற்பனை ஸ்வரம் என்று வந்ததும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லையாம். எழுதிக் கொடுத்தால் வாசிப்பேன், இல்லாததை எங்கேயிருந்து கொண்டுவருவது என்று கேட்பார். தணிக்கைக்காரர் வேறு எப்படிப் பேசுவார்?

மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்க ஒரு சங்கீதம் வேண்டும் என்று தேடித்தான் அவர் மூவர் சொனாட்டாவைக் கண்டுபிடித்தார். அதில் இரண்டு வயலினும் சமம். ஒன்று சொல்லும், மற்றொன்று பதில் சொல்லும். சில இடங்களில் ஒன்றை ஒன்று தாண்டிப் போகும். ஐம்பது வயதுக்கு மேல் மாமி அவருக்காக மேற்கத்திய இசைக்குறிப்புப் படிக்கக் கற்றுக்கொண்டார். முதல் வயலின் மாமி, இரண்டாவது சார். அடையாறில் ஒரு கிறிஸ்துமஸ் நிகழ்ச்சியில் நான் வாசித்ததைக் கேட்டுவிட்டு, எண்ணைப் பார்த்து வாசிக்கத் தெரியுமா என்று சார் வந்து கேட்டார். யாரும் அதுவரை என்னிடம் அப்படி ஒரு நல்ல கேள்வி கேட்டதில்லை.

செல்லோ வாசித்தவர் தேனாம்பேட்டைக்காரர். சினிமா ரெக்கார்டிங், மேடை நிகழ்ச்சி, சர்ச் கல்யாணம் என்று எங்கே கூப்பிட்டாலும் போவார். ஆட்டோவில் முக்கால் சீட்டைச் செல்லோவுக்குக் கொடுத்துவிட்டு மீதியில் தொற்றிக்கொண்டு வருவார். என் வீட்டுக்கு வந்து எங்களோடு வாசிப்பதை அவர் ஓய்வு என்று சொல்வார்.

ஞாயிறு மாலை நான்கு மணி. வருஷக்கணக்காக அப்படித்தான். சார் நாற்காலியில், மாமி தரையில். மாமி கச்சேரியில் உட்காருகிற மாதிரியே சப்பணமிட்டு, வயலின் தலையைக் கணுக்காலில் ஊன்றிக்கொள்வார். தாளை வைக்க ஒரு சின்ன முக்காலி போட்டுக் கொடுப்பேன். முதலில் மெதுவாக ஒரு பகுதி, பிறகு வேகமாக ஒன்று, மறுபடி மெதுவாக, மறுபடி வேகமாக. கோயிலில் வாசிக்க எழுதிய சொனாட்டாக்களுக்கு இந்த நான்கு பகுதி வழக்கம். வீட்டில் வாசிக்க எழுதியவற்றில் நடன மெட்டுகள் வரும். நாங்கள் கோயில் சொனாட்டாவைத்தான் அதிகம் வாசித்தோம். மெதுவான பகுதிகளில் நேராக நிற்க வேண்டிய சுரத்தை மாமி லேசாக அசைத்துவிடுவார். அந்தக் காலத்து ஆட்களும் மெதுவான பகுதியைத் தம் இஷ்டத்துக்கு அலங்கரித்துத்தான் வாசித்தார்கள் என்று படித்திருக்கிறேன். அதனால் கண்டுகொள்ள மாட்டேன்.

ஆரம்பத்தில் மாமி காபியைப் பிளாஸ்க்கில் வீட்டிலிருந்தே கொண்டுவருவார். ஏன் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. எனக்குத் தெரியாதா என்ன? ஒரு மழை நாளில் பிளாஸ்க்கை மறந்துவிட்டு வந்தார். நான் போட்ட காபியை வாங்கிக் குடித்துவிட்டு, டிகாஷன் தண்ணியாக இருக்கிறது என்றார். அடுத்த வாரத்திலிருந்து பிளாஸ்க் வரவில்லை, காபிப் பொடி வந்தது. அதற்குப் பிறகு அவர் எனக்குச் சொந்தக்காரி மாதிரிதான்.

போன வருஷம் ஆடி மாதத்தில் ஒரு காலை, குளித்துவிட்டு வந்து உட்கார்ந்த மாமி எழுந்திருக்கவில்லை.

நானும் செல்லோக்காரரும் போய் ஓரமாக நின்றுவிட்டு வந்தோம். அதற்கப்புறம் சில மாதம் எதுவும் இல்லை. ஒரு ஞாயிறு நான்கு மணிக்கு வாசல் மணி அடித்தது. கதவைத் திறந்தால் சார், கையில் வயலின் பெட்டி. வருஷம் திரும்புவதற்குள் வாத்தியத்தைத் தொடலாமா என்று உறவுக்காரர்கள் கேட்டார்களாம். நான் என்ன கச்சேரிக்கா போகிறேன், டீச்சர் வீட்டுக்குத்தானே என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். உடனே செல்லோக்காரருக்குப் போன் செய்தேன். கிடைத்த ஆட்டோவில் வந்து சேர்ந்தார்.

சார் அதே இரண்டாவது வயலினைத்தான் வாசித்தார். முதல் வயலின் வரியில் யாரும் இல்லை. சில இடங்களில் மாமி பேசி முடிப்பதற்காக இரண்டாவது வயலின் காத்திருக்கும். அங்கெல்லாம் செல்லோவும் எண்ணைப் பார்த்து நான் அழுத்தும் சுரங்களும் மட்டும் நடந்துகொண்டிருக்கும். நீங்கள் முதல் வரிக்கு மாறுங்களேன் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் கேட்காத மாதிரி வில்லுக்குக் குங்கிலியம் தேய்த்துக்கொண்டிருந்தார். திருவான்மியூரில் நன்றாக வாசிக்கிற ஒரு பெண் இருக்கிறாள், கூப்பிடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று ஒரே வார்த்தை.

எனக்குப் பயம் வந்துவிட்டது. மேல்வரி இல்லாத சொனாட்டாவை ஒரு மனிதர் எத்தனை வாரம் வாசிப்பார்? ஒரு நாள் அலுத்துப் போய் நின்றுவிடுவார். சார் நின்றால் செல்லோக்காரரும் வர மாட்டார். பூசையும் போயிற்று, பள்ளியும் போயிற்று, இதுவும் போனால் வாரத்தில் என் வீட்டு மணியை அடிக்க ஆள் யார்? கேஸ் சிலிண்டர்காரர். பச்சையாகச் சொல்கிறேன், அந்த ஞாயிறு எனக்கு வேண்டும். சாருக்காக அல்ல, எனக்காக.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. அந்தக் காலத்தில் வயலின்காரர் ஒருவர் வராவிட்டால், கீபோர்டு வாசிப்பவர் தன் வலது கையால் அவர் வரியை வாசித்துவிடுவார். பிறகு அப்படி வாசிப்பதற்கென்றே தனியாகச் சொனாட்டா எழுதினார்கள். ஒரு வயலின், ஒரு கீபோர்டு, ஆனால் மூன்று வரி. இரண்டு பேர் வாசிக்கிற மூவர் சொனாட்டா. இந்தக் கணக்குகளை யாரிடம் போய்ச் சொல்வது!

வார நாட்களில் மாமியின் வரியை வலது கையால் பழக ஆரம்பித்தேன். சாரிடம் சொல்லவில்லை. இத்தனை வருஷமாகப் பந்தல் போட்டுக்கொண்டிருந்த கைக்கு முதல் தடவையாக ஒரு ராகம் கிடைத்தது. காலையில் இட்லியை அடுப்பில் ஏற்றிவிட்டு வந்து உட்கார்ந்தால் அடி பிடிக்கிற வாசனை வரும்வரை எழுந்திருக்க மாட்டேன். மாமி செத்துப் போனதால் கிடைத்த சந்தோஷம் இது என்று தெரியும். தெரிந்துதான் சந்தோஷப்பட்டேன்.

ஒரு ஞாயிறு எதுவும் சொல்லாமல் ஆரம்பித்தேன். முதல் மெதுவான பகுதியில் மேல்வரி ஒலித்ததும் சார் தலையைத் தூக்கிப் பார்த்தார். வில்லை நிறுத்தவில்லை. வேகமான பகுதி வழுக்கிக்கொண்டு போனது. செல்லோக்காரர் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். மூன்றாவது பகுதி, மறுபடி மெதுவானது. அதில் முதல் வயலின் ஒரு சொற்றொடரை முடித்து ஓயும், இரண்டாவது உள்ளே நுழையும். நான் முடித்தேன். சார் நுழையவில்லை. செல்லோவும் அந்தச் சுரத்திலேயே நின்றது. நான் மட்டும் அடுத்த சுரத்துக்குப் போய்விட்டேன். நிறுத்திவிட்டு மறுபடி வாசித்தோம், அதே இடத்தில் அதே விபத்து. மூன்றாவது தடவையும் அப்படியே.

"டீச்சர், ஒரு அட்சரம் முழுங்கறேள்," என்றார் சார். தாளத்தில் ஒரு தட்டை நான் விட்டுவிடுகிறேனாம்.

கணக்கு டீச்சரிடம் இப்படிச் சொல்லலாமா? தாளை எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் வைத்தேன். பென்சிலால் ஒவ்வொரு தட்டாகத் தொட்டுக் காட்டினேன். அவர் சொல்லும் தட்டு தாளில் இல்லை. அவருடைய தாளிலும் இல்லை, செல்லோ தாளிலும் இல்லை.

அப்போதுதான் எனக்கே புரிந்தது. மாமி ஆயுசு முழுக்கப் பாடகர்களுக்குப் பக்கவாத்தியம் வாசித்தவர். பாடுகிறவர் ஒரு வரியைப் பாடி மூச்சு விடும்போது, அந்த வரியின் வாலைப் பிடித்துத் திருப்பி வாசிப்பது அவர் தொழில். ஓய்வு என்று எழுதியிருந்தாலும் அந்தக் கை சும்மா இருக்காது. சொற்றொடரின் கடைசித் துண்டை அங்கே மெல்லத் திருப்பி ஒரு தடவை வாசித்துவிடுவார். அதற்கு ஒரு தட்டு கூடுதலாகப் பிடிக்கும். சார் அதைக் கேட்டுவிட்டு நுழைவார். சார் நுழையும்வரை நானும் செல்லோக்காரரும் கீழ்ச்சுரத்தைப் பிடித்திருப்போம். வருஷக்கணக்காக இல்லாத ஒரு தட்டை நான்கு பேரும் சேர்ந்து வாசித்திருக்கிறோம், ஒருவருக்கும் தெரியவில்லை.

சார் தாளை வெகுநேரம் பார்த்தார். தணிக்கை செய்த கண்கள் அல்லவா, இருப்பதும் இல்லாததும் அவருக்குத் தெரியும்.

"அப்போ இத்தன வருஷமா அவ தப்பா வாசிச்சாளா?"

தப்பு என்று நான் சொல்லவில்லை, தாளில் இல்லை என்றுதான் சொன்னேன் என்றேன். நான் சொன்னது சரிதான், இப்போது கேட்டாலும் அதையேதான் சொல்வேன். அவர் வயலினைத் துடைத்து, பட்டுத்துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்தார். காபி குடிக்கவில்லை. மாடிப்படியில் செருப்புச் சத்தம் போய் முடிந்ததும் செல்லோக்காரர், "இன்னா டீச்சர் நீ, அதப் போயி எண்ணிக் காட்டிக்கினு," என்றார். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டேன் என்பது எனக்கே தெரியும், அதை அவர் வேறு சொல்ல வேண்டுமா?

அடுத்த ஞாயிறு சார் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. செல்லோக்காரருக்குக் கல்யாண சீசன். நானும் போன் செய்யவில்லை. வீம்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு மணிக்குப் பழக்கதோஷத்தில் நாற்காலியை எடுத்துப் போட்டுவிட்டு, பிறகு அதில் நானே உட்கார்ந்து பேப்பர் படித்தேன்.

தனியாக வாசிக்க நிறையவே இருக்கிறது. சூட் என்று ஒன்று உண்டு, நடன மெட்டுகளின் வரிசை. நிதானமாக ஒன்று, ஓட்டமாக ஒன்று, கனமாக அடியெடுத்து வைக்கிற சரபாந்து, கடைசியில் குதிக்கிற ஜீக். எல்லாம் ஜோடியாக ஆடுவதற்குப் பிறந்த மெட்டுகள். என் கூடத்தில் மேஜையும் நானும் இருந்தோம். ஃபியூக் என்று இன்னொன்று உண்டு. ஒரு குரல் தனியாக ஒரு வாக்கியம் சொல்லும். அதையே இரண்டாவது குரல் வேறு உயரத்தில் சொல்லும், பிறகு மூன்றாவது. மூன்று பேர் வாதாடுகிற மாதிரி இருக்கும், வாசிப்பது ஒரே ஆள். தனியாக வசிப்பவர்களுக்காகவே செய்து வைத்தது. நாமே கேட்டு, நாமே பதில் சொல்லி, நாமே முடித்துக்கொள்ளலாம். முடிந்தபின் வீடு முன்னைவிட அமைதியாகிவிடும், அது ஒன்றுதான் தொல்லை.

அந்த வாரங்களில் ஒரே நினைப்பு என்னைப் பிடித்துக்கொண்டது. மாமி போன பிறகும் அவருக்காக ஒரு தட்டு இடம் விட்டு மூன்று பேர் காத்திருந்திருக்கிறோம், காத்திருப்பது தெரியாமலே. நான் போனால் எங்கே, யார் காத்திருப்பார்கள்? பள்ளியில் என் வகுப்புக்கு மறுநாளே வேறு டீச்சர் வந்தாள். கோயிலில் என் ஆர்கன் மேல் துணி போர்த்திப் பூச்சாடி வைத்திருக்கிறார்கள். நான் இல்லாவிட்டாலும் சொனாட்டா ஓடும். வயலின் இருந்தால் ராகம் இருக்கும், செல்லோ இருந்தால் அடித்தளம் இருக்கும், நடுவில் நிரப்பியவளை யார் தேடுவார்கள்? அழுகை வரவில்லை. எரிச்சல்தான் வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

கார்த்திகை மாதக் கடைசியில் ஒரு ஞாயிறு மணி அடித்தது. சாரும் செல்லோக்காரரும் ஒன்றாக நின்றார்கள். சாரே தேனாம்பேட்டைக்குப் போய் அவரைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார். உட்கார்ந்து, சுருதி சேர்த்து, அதே சொனாட்டாவை விரித்தோம்.

மாமியின் வரியை வலது கையில் எடுத்துக்கொண்டேன். மூன்றாவது பகுதியில் அந்த இடம் வந்தது. சொற்றொடரை முடித்துவிட்டு, தாளில் இல்லாத அந்தத் தட்டுக்குக் கையைத் தூக்கிவைத்துக் காத்திருந்தேன். திருப்பி வாசிக்கவில்லை, அது மாமியுடையது. சார் நுழைந்தார். செல்லோ கூட வந்தது. கடைசிப் பகுதிவரை ஒரு இடத்திலும் இடறவில்லை. வாசித்து முடித்ததும் இனிமேல் பயமில்லை, மாமியின் இடத்தை நிரப்பிவிட்டேன், ஞாயிறு தப்பித்தது என்று நினைத்தேன்.

சார் வழக்கம்போல வில்லின் திருகைத் தளர்த்திப் பெட்டியில் வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஏதோ குறை என்று தெரிந்தது. இந்தத் தடவை எந்தத் தட்டு என்று கேட்டேன்.

"தட்டெல்லாம் சரியா இருந்துது. உங்களத்தான் காணோம்."

என்னையா என்று கேட்டேன்.

"அவ வாசிக்கறத நீங்க வாசிச்சுண்டிருக்கேள். அப்போ நீங்க வாசிக்கறத யார் வாசிக்கறா?"

செல்லோக்காரரும் தலையாட்டினார். "ஆமா டீச்சர். எனக்கும் மேல்வரிக்கும் நடுவுல ஒண்ணுமே இல்ல. ஒரு மாதிரி கீது."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டேன், மறுபடி மங்கியது. சார் தாளை மறுபடி முதல் பக்கத்துக்குத் திருப்பிவிட்டு, வயலினைத் தோளில் ஏற்றி, நான் ஆரம்பிப்பதற்காகக் காத்திருந்தார்.

வலது கையை மேல்வரியிலிருந்து நடுவுக்கு இறக்கி, எண்களைப் பார்த்து ஆரம்பித்தேன்.